லீவர் பூட்டுக்கு நாமளே பாகம் செஞ்சு போட்டப்புறம் வர்ற கோளாறு: எந்த அறிகுறிக்கு எங்க பாக்கணும்

ஒரு பழைய மரக்கதவு பூட்டு, அஞ்சு லீவர் (சாவி தூக்கி விடுற தகடு), அதுல ரெண்டு லீவர் உடைஞ்சு ஸ்பிரிங் எல்லாம் துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. அந்த ரெண்டையும் பித்தளைத் தகட்டுல வெட்டி, சாவியப் போட்டு போட்டுப் பாத்து, கொஞ்சம் கொஞ்சமா அரம் போட்டு, கடைசில வழுக்கிட்டு சுத்துற மாதிரி பண்ணிட்டேன். பெருமையா கதவுல மாட்டியாச்சு. எட்டு மாசம் கழிச்சு அந்த சாவி தொலைஞ்சு போச்சு. சரி, கூட வந்த இன்னொரு சாவி ஒருநாளும் எடுக்காம டிராயர்ல கெடக்குதேன்னு அதை எடுத்துப் போட்டா, பாதி சுத்தி கல்லு மாதிரி நிக்குது. பூட்டோட பொறந்த சாவிக்கே பூட்டு திறக்கல.

கழட்டிப் பாத்தப்புறம்தான் மண்டைல ஏறுச்சு. தொலைஞ்சது வருஷக்கணக்கா ஓடின சாவி, பல்லு நுனியெல்லாம் மழுங்கி குட்டையாயிருந்திருக்கு. அதை வச்சே புது லீவரை ஒட்டி ஒட்டி ராவினதால, தேய்ஞ்ச சாவிக்கு அளவெடுத்து ஒரு பூட்டு செஞ்சு வச்சிருக்கேன். தேயாத சாவி லீவரைக் கொஞ்சம் அதிகமா தூக்குது, அவ்வளவுதான் விஷயம். லீவர் பூட்டுல கம்மியா தூக்கினாலும் நிக்கும், கூடத் தூக்கினாலும் நிக்கும்.

அதுலேர்ந்து நான் புடிச்சுக்கிட்டது என்னன்னா, புதுப் பாகம் போட்டப்புறம் வர்ற தகராறுல பாதி அந்தப் பாகத்துல இருக்காது, எதைப் பாத்து அளவெடுத்தோமோ அதுல இருக்கும். உடைஞ்ச துண்டை அச்சு அசலா காப்பி எடுத்தா அதோட தேய்மானத்தையும் சேத்துத்தான் காப்பி எடுக்கிறோம். அதனால கீழ எந்த அறிகுறி வந்தாலும் உடனே அரத்தை எடுக்காதீங்க, மொதல்ல எங்க உரசுதுன்னு பாருங்க.

ஒண்ணு சொல்லிடறேன், இது நம்ம சொந்தக் கதவு, பெட்டி, அலமாரிப் பூட்டுக்கு மட்டும். தீ விபத்துல ஆள் வெளியேறுற கதவு, பணப்பெட்டக லாக்கு, இதுக்கெல்லாம் கைல செஞ்ச பாகம் வேணாம், முழுசா மாத்திடுங்க. அங்க சிக்கினா ஆளு உள்ள மாட்டிக்குவாங்க.

உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாம், இல்லன்னா பின்னாடி குழம்பும். வெளிய நீட்டிட்டு வந்து சட்டத்துல நுழையற இரும்புக்கட்டை போல்ட். அந்த போல்ட்டு மேல ஒரு குட்டி முளை நிக்கும், பெரும்பாலும் சதுரமா இருக்கும். லீவர்ங்கிறது ஒரு முனைல அச்சுக்கம்பில மாட்டி மேலயும் கீழயும் ஆடுற தகடு, ஒவ்வொண்ணையும் ஒரு சின்ன பட்டை ஸ்பிரிங் கீழ அமுக்கிட்டே இருக்கும். தகட்டுல ரெண்டு பள்ளம், நடுவுல ரெண்டையும் சேக்கிற ஒரு ஒடுக்கமான வெட்டு. போல்ட் நகரணும்னா முளை ஒரு பள்ளத்துலேர்ந்து அந்த வெட்டு வழியா அடுத்த பள்ளத்துக்குப் போகணும். எல்லா லீவரோட வெட்டும் ஒரே நேரத்துல முளைக்கு நேரா வந்தாத்தான் வழி. அந்த உயரத்துக்குத் தூக்கறது சாவியோட பல்லு, பல்லு தொடுற லீவரோட அடிவளைவை வயிறுன்னு வச்சுக்கலாம். சாவில ஒரு பல்லு மட்டும் லீவரைத் தொடாது, அது போல்ட்டுல இருக்கிற கொக்கிப் பள்ளத்தப் புடிச்சு போல்ட்டைத் தள்ளும்.

அளவெடுக்க நான் நம்புற வரிசை இது: தேயாத சாவி கெடைச்சா அதுதான் மொதல், அப்புறம் போல்ட்டு முளை, அப்புறம் அதே அடுக்குல கம்மியா தேய்ஞ்ச லீவரோட அச்சு ஓட்டை. உடைஞ்ச துண்டு கடைசி, அதுவும் வெளி உருவத்துக்கு மட்டும். தேயாத சாவி இல்லவே இல்லன்னா, இருக்கிற சாவில லீவரைத் தொடாத ஓரப்பகுதிய வெர்னியர்ல (நுணுக்கமா அளக்கிற கருவி) அளந்து, அதே பல்லுல லீவர் உரசுற எடத்தையும் அளந்து பாத்தா எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு ஓரளவு தெரிஞ்சிடும்.

சாவி உள்ள போகுது, ஆனா இம்மி கூட சுத்தல

பாதி சுத்தி நிக்கிறது வேற, இது வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. ஆரம்பத்துலயே நிக்குதுன்னா சாவி இன்னும் லீவரைத் தூக்கவே ஆரம்பிக்கல, இல்லன்னா தூக்கப் பாத்து முடியல.

மூடித்தகட்டு ஸ்க்ரூவ அரைச்சுத்து லூஸ் பண்ணிட்டு மறுபடி சுத்திப் பாருங்க. இப்ப சுத்துச்சுன்னா உங்க லீவர் தடிமன் கூடிப்போச்சு, அடுக்கு மொத்தத்தையும் மூடி அமுக்கிப் புடிச்சிருக்கு. ஒரு லீவர் 0.1 மிமீ கூடினா தெரியாது, நாலு லீவர் செஞ்சு நாலும் 0.1 கூடினா 0.4 ஆயிடுச்சு, அங்கதான் கதை முடியுது. தகடு சரியான தடிமன்தான், நான் அளந்துதான் வாங்கினேன்னு சொல்வீங்க, ஆனா வெட்டின ஓரத்துல பிசிறு நிக்குதே அதை அளந்தீங்களா? கத்திரில வெட்டின தகடு ஓரத்துல எப்பவும் ஒரு பக்கம் உதடு மாதிரி மடிஞ்சு நிக்கும், கண்ணுக்குத் தெரியாது, நகத்தால இழுத்துப் பாத்தா மாட்டும். கண்ணாடித் துண்டு மேல நைஸ் உப்புத்தாளை விரிச்சு லீவரைப் படுக்க வச்சு எட்டு போடுற மாதிரி தேய்ச்சா ரெண்டு பக்கமும் சமமாயிடும். முடிச்சப்புறம் அடுக்குக்கும் மூடிக்கும் நடுவுல ஒரு காகிதம் நுழையற இடைவெளி இருக்கணும், அதுக்கு மேல வேணாம், லூசா இருந்தா லீவர் சாஞ்சு பக்கத்துப் பல்லுல ஏறிக்கும்.

ஸ்க்ரூ லூஸ் பண்ணியும் அசையலன்னா புது லீவரோட வயிறு ரொம்பக் கீழ தொங்குது, சாவி அடில நுழையறதுக்கே எடமில்லாம நேரா முட்டுது. இதுக்கு மட்டும்தான் தயங்காம வயித்த ராவலாம்.

பாதி சுத்தி டக்குனு நிக்குது

ஜாஸ்தி வர்ற கோளாறு இதுதான், ஜாஸ்தி பேர் லீவரைக் கெடுக்கறதும் இங்கதான். சாவி லீவரைத் தூக்கிடுச்சு, முளை வெட்டுக்குள்ள போகப் பாக்குது, ஆனா வெட்டு நேரா இல்ல. அஞ்சு லீவர்ல எது தடுக்குதுன்னு தெரியாம எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் ராவினா நல்லா இருந்ததும் போச்சு.

ஒரு நேரத்துல ஒரு லீவர் மட்டும் வைங்க. மத்த லீவருக்குப் பதிலா அதே தடிமன்ல வாஷர் போட்டு அந்த லீவர் அதோட சொந்த உயரத்துலயே நிக்கிற மாதிரி பண்ணுங்க. இதைச் செய்யாம வெறுமனே அடித்தகட்டுல வச்சா அதுக்குரிய பல்லு அதைத் தொடாது, வேற பல்லு தூக்கும், முழுப் பரிசோதனையும் தப்பாயிடும். இப்ப லீவரோட முகத்துல, வெட்டைச் சுத்தி, மார்க்கர் பேனால கறுப்பு அடிங்க, மெழுகுவத்திப் புகைல காட்டினாலும் சரி. சாவியப் போட்டு நிக்கிற வரைக்கும் சுத்தி ரெண்டு மூணு தடவ லேசா அழுத்துங்க, முரட்டுத்தனமா வேணாம். லீவரை எடுத்து டார்ச் வெளிச்சத்துல சாச்சுப் பாருங்க. கறுப்புல ஒரு எடத்துல மட்டும் கடுகு சைஸ்ல பித்தளை மின்னும். முளை முட்டின எடம் அதுதான்.

மினுக்கு வெட்டுக்குக் கீழ இருந்தா, வெட்டு முளையத் தாண்டி மேல போயிடுச்சு, அதாவது லீவர் அதிகமா தூக்கப்படுது. வயித்துல சாவி தொடுற எடத்த ஊசி அரத்தால ரெண்டு இழுப்பு, அவ்வளவுதான், மறுபடி கறுப்படிச்சு மறுபடி பாருங்க. மினுக்கு மெதுவா வெட்டை நோக்கி மேல ஏறிட்டு வர்றது தெரியும், அது வெட்டோட ஓரத்தத் தொட்டதும் ரொம்ப நிதானம்.

மினுக்கு வெட்டுக்கு மேல இருந்தா, லீவர் பத்தாம தூக்கப்படுது, வயித்துல உலோகம் கம்மி. ராவினதை ஒட்ட முடியாது. இங்க எல்லாரும் பண்ற வேலை என்னன்னா வெட்டோட மேல் ஓரத்த ராவி அகலப்படுத்திடறது, பூட்டும் திறந்துடும், ஆனா அந்த லீவர் இனிமே பாதி லீவர்தான். புதுசா ஒண்ணு வெட்டுங்க. இதனாலதான் மொதல் தடவை வெட்டும்போதே வயித்துல அரை மிமீ கூட விட்டு வெட்டணும்னு சொல்றது, எப்பவும் அதிகமா தூக்குற பக்கத்துலேர்ந்து கீழ இறங்கி வாங்க.

இந்த ரெண்டு பக்கமும் தடுக்கறதுதான் லீவர் பூட்டோட உயிரே. அதுக்கு முன்னாடி இருந்த பூட்டுல தடுப்பைத் தூக்கினா போதும், எவ்வளவு உயரம் தூக்கினாலும் திறந்துக்கும், அதனால வளைஞ்ச கம்பி போதும் திருடனுக்கு. கூடத் தூக்கினாலும் மாட்டணும்னு சொல்லி 1778ல ராபர்ட் பேரன் காப்புரிமை வாங்கினார், இன்னிக்கு வரைக்கும் அதே யோசனைதான் ஓடுது. வெட்டை மேல பக்கம் அகலப்படுத்துறப்போ நாம அந்த லீவரை 1778க்கு முன்னாடி கொண்டு போறோம்.

ஒரு சாவிக்குத் திறக்குது இன்னொரு சாவிக்கு நிக்குதுன்னா மேல சொன்ன என் கதைதான். ரெண்டு சாவியையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு வெளிச்சத்துக்கு நேரா புடிங்க, வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தேயாத சாவிக்கு லீவரைச் சரிபண்ணிட்டு, தேய்ஞ்சதைத் தூக்கிப் போட்டுட்டு, தேயாததைப் பாத்து புது சாவி வெட்டிக்கோங்க. தேய்ஞ்ச சாவியப் பாத்து சாவி வெட்டுறது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி.

திறக்குது, ஆனா பூட்ட மாட்டேங்குது (இல்ல அதோட உல்டா)

ஒரு திசைல மட்டும் சிக்கினா உயரம் சரியாத்தான் இருக்கு, வெட்டோட ஒரு வாய் மட்டும் கெட்டிருக்கு. முளை திறக்கும்போது ஒரு பள்ளத்துலேர்ந்து வருது, பூட்டும்போது எதிர்ப் பள்ளத்துலேர்ந்து வருது, அந்தப் பக்கத்து விளிம்புல பிசிறு நின்னா அங்க மட்டும் மாட்டும். வெட்டு நேரா இல்லாம லேசா சாஞ்சிருந்தாலும் இதேதான். கறுப்படிச்சு அந்தத் திசைல மட்டும் பாருங்க. விளிம்பு மூலையை வெறும் பிசிறு போற அளவு மட்டும் துடைங்க, உருண்டையா ஆக்கிடாதீங்க, முளை அதுல ஏறி வழுக்கற மாதிரி ஆயிட்டா பூட்டை நோண்டித் திறக்கறவனுக்கு நாமே படிக்கட்டு கட்டிக் கொடுத்த மாதிரி.

லீவர் எதுவும் தடுக்கல, ஆனா கடைசில ஒரு நூல் அளவு போல்ட் போய்ச் சேரலன்னா லீவரை விட்டுட்டு போல்ட்டோட கொக்கிப் பள்ளத்தப் பாருங்க. சாவிப் பல்லு வருஷக்கணக்கா தள்ளித் தள்ளி அந்த ஓரம் சரிஞ்சிருக்கும், பல்லு போல்ட்டை முழுத் தூரம் தள்ளாம வழுக்கி வெளிய வந்துடும், முளை பள்ளத்துக்குள்ள முழுசா விழாம வெட்டு வாய்லயே ஒக்காந்துக்கும், அப்ப லீவர் கீழ வர முடியாது.

சாவிய எடுத்தப்புறம் போல்ட்டை விரலால தள்ளினா உள்ள போயிடுது

பூட்டின மாதிரி இருக்கும், பூட்டவே இல்ல. இது தெரியாமலே மாசக்கணக்குல ஓட்டுறவங்க இருக்காங்க. முளை முறிஞ்சிருக்கணும், இல்லன்னா லீவர் எல்லாம் மேலயே நிக்கணும்.

முளை முறிஞ்சதுன்னா புதுசா ரிவெட் பண்றதுதான் வழி. இங்க நான் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். உருண்டைக் கம்பில மேல் பாதிய சதுரமா ராவி, கீழ் பாதி உருண்டையாவே போல்ட்டு ஓட்டைல விட்டு பின்னாடி அடிச்சு இறுக்கினேன். ரெண்டு வாரம் நல்லா ஓடுச்சு, அப்புறம் முளை லேசா திரும்பிடுச்சு, சதுரத்தோட மூலை வெட்டுக்கு நேரா நின்னா எப்படி நுழையும். ஓட்டைல போற பாகத்தையும் ஒரு பக்கம் தட்டையாக்கி, போல்ட்டு ஓட்டையையும் அதே உருவத்துக்கு ராவிட்டா திரும்பாது. பின்பக்கம் ஓட்டை வாயைக் கொஞ்சம் குழியாக்கிட்டு அடிச்சீங்கன்னா ரிவெட் தலை குழிக்குள்ள ஒக்காந்துக்கும், அதுக்கப்புறம் சமமா ராவிடுங்க, மேடு நின்னா போல்ட் அடித்தகட்டுல உரசும். முளைக்கு இரும்புக்கம்பிதான், பித்தளை வேணாம், கதவை உதைச்சா மொத்த விசையும் அந்தக் குட்டி முளைலதான் வந்து நிக்கும்.

லீவர் மேல போனா கீழ வர மாட்டேங்குது

மூடியக் கழட்டிட்டு ஒவ்வொரு லீவரையும் ஒரு பல்குத்தும் குச்சியால தூக்கி விடுங்க. டக்குனு சத்தத்தோட விழணும். சோம்பேறித்தனமா மெதுவா வந்தா அழுக்கு, வரவே இல்லன்னா உரசல் இல்ல ஸ்பிரிங். ஸ்பிரிங்கை எடுத்துட்டு, அடித்தகட்டைச் செங்குத்தா புடிச்சு, லீவர் தன் கனத்துலயே விழுதான்னு பாருங்க. விழலன்னா அச்சு ஓட்டை இறுக்கம். துளை போட்டா உள் விளிம்புலயும் பிசிறு நிக்கும், பெரிய டிரில் பிட்டைக் கைல புடிச்சு ஓட்டை வாய்ல ஒரு சுத்து சுத்தினா போயிடும். ஓட்டையப் பெருசாக்கிடாதீங்க, அச்சுல லீவர் ஆட ஆரம்பிச்சா ஒவ்வொரு தடவையும் வெட்டு வேற வேற உயரத்துல வந்து நிக்கும், ஒரு நாள் திறக்கும் ஒரு நாள் திறக்காது, அதைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள வாழ்க்கையே வெறுத்துடும்.

எண்ணெய் பத்தி ஒரு வார்த்தை. பூட்டு மக்கர் பண்ணா சாவி ஓட்டைல சமையல் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், கைல கெடைச்சது எல்லாத்தையும் ஊத்தற பழக்கம் இருக்கே, மொதல் வாரம் அருமையா இருக்கும். சமையல் எண்ணெய் காத்து பட்டு பிசினா மாறும், மெஷின் எண்ணெய் தூசியப் புடிச்சு வச்சுக்கும், ரெண்டுமே தகட்டுக்குத் தகடு ஒட்டிடும், ஒரு லீவரைத் தூக்கினா பக்கத்து லீவரும் கூடவே எழுந்து வரும். மண்ணெண்ணெய்ல ஊற வச்சு பிரஷ்ஷால கழுவி நல்லா காய வச்சுட்டு, லீவருக்கு நடுவுல கிராஃபைட் பவுடர் மட்டும் லேசா தூவுங்க. போல்ட் சறுக்குற எடத்துல மட்டும் துளி கிரீஸ் ஓகே.

ஸ்பிரிங் நாலு நாள்ல உடையுது, இல்ல தளந்துடுது

உடைஞ்ச துண்டைத் தூக்கிப் போடாதீங்க, அதுலயே பதில் இருக்கு. உடைஞ்ச வாயை பூதக்கண்ணாடில பாருங்க. வளைவுலயே முறிஞ்சிருந்தா வளைவு ரொம்பக் கூர்மை, குறடோட மூலைல வச்சு மடக்கியிருப்பீங்க, ஒரு கம்பி மேல சுத்தி வளைச்சிருந்தா நின்னிருக்கும். நேரான எடத்துல குறுக்க முறிஞ்சிருந்தா அங்க அரம் போட்ட கீறல் இருந்திருக்கும், ஸ்பிரிங்ல குறுக்குக் கீறல் ஆகவே ஆகாது, கடைசியா தேய்க்கிற தேய்ப்பு எப்பவும் நீளவாக்குல. வாய் சாம்பல் கலர்ல சக்கரை மாதிரி பொறுபொறுன்னு தெரிஞ்சா, காய்ச்சும்போது சூடு மிஞ்சிடுச்சு. உடையல, ஆனா வளைஞ்சது வளைஞ்சபடியே நிக்குதுன்னா பதமே (காய்ச்சித் தோய்ச்சு ஏத்துற ஸ்பிரிங் குணம்) ஏறல.

உண்மைய சொல்லணும்னா லீவர் ஸ்பிரிங்கைக் காய்ச்சி பதம் போட்டு செய்யறது இந்த வேலைக்கு அதிகப்படி. ஃபீலர் கேஜ்ல (சின்ன இடைவெளி அளக்கிற மெல்லிசு பட்டைக் கட்டு) வர்ற பட்டைகள் ஏற்கனவே பதம் போட்ட ஸ்பிரிங் ஸ்டீல்தான், தடிமன் அதுலயே எழுதியிருக்கும், பழைய ஸ்பிரிங்கை அளந்து அதே தடிமன் பட்டைய எடுத்து நீளவாக்குல சன்னமா வெட்டிக்கிட்டா வேலை முடிஞ்சுது. பாஸ்பர் பிரான்ஸ் (ஒரு செம்புக் கலவை) பட்டை கெடைச்சா இன்னும் நிம்மதி, துருப்பிடிக்காது, பதமும் தேவையில்ல, உருட்டின தகடாவே ஸ்பிரிங் குணத்தோட வருது. தகட்டுல மெல்லிசா ஒரு ஓட்டம் தெரியும், உருட்டின திசை அது, வளைவு அந்த ஓட்டத்துக்குக் குறுக்க விழணும், ஓட்டத்தோடயே மடக்கினா விரிசல் விடும்.

இல்ல, காய்ச்சித்தான் செய்வேன்னா: கார்பன் ஸ்டீலைச் செக்கச்செவேல்னு காய்ச்சுங்க, காந்தம் ஒட்டாம போற சூட்டைக் கொஞ்சம் தாண்டணும், இரும்பு காந்தத்த விடறது 770 டிகிரி செல்சியஸ்ல. உடனே எண்ணெய்ல தோய்ச்சு எடுத்தா கண்ணாடி மாதிரி நொறுங்குற பதத்துல இருக்கும், அப்படியே போட்டுடாதீங்க. மேல பளபளன்னு தேய்ச்சுட்டு தடிமனான பித்தளைத் தகட்டு மேல வச்சு அடில இருந்து மெதுவா சூடு காட்டினா கலர் ஓடும். மொதல்ல வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, அதுக்கப்புறம் நல்ல நீலம். நீலம் வந்ததும் எடுத்துடணும், அது கிட்டத்தட்ட 300 டிகிரி. நீலம் தாண்டி சாம்பலுக்குப் போயிட்டா மறுபடி மொதல்லேர்ந்து.

இன்னொரு விஷயம், ஸ்பிரிங்கை லீவர்ல மாட்டறது. லீவர் முதுகுல ரம்பத்தால ஒரு கீறு போட்டு அதுல ஸ்பிரிங் முனையச் சொருகி, ரெண்டு பக்கத்து உலோகத்தையும் உளியால லேசா தட்டி நெருக்கினாப் போதும். சால்டரிங் பண்ற ஆள் இருக்காங்க, சாதா ஈயப் பத்துக்கு ஸ்பிரிங் பதம் போகாதுதான், ஆனா பத்து வழிஞ்சு லீவர் பக்கவாட்டுல மேடு கட்டும், பிறகு மேல சொன்ன தடிமன் பிரச்சனை.

தப்பான சாவி போட்டப்புறம் சரியான சாவிக்கும் திறக்கல

பூட்டு கெட்டுப் போச்சுன்னு பயந்துடாதீங்க, கெடாமலும் இருக்கலாம். சில பூட்டுல ஒரு லீவரை அளவுக்கு மேல தூக்கினா அது மேலயே ஒரு கொக்கில மாட்டிக்கும், யாரோ நோண்டியிருக்காங்கன்னு சொந்தக்காரருக்குக் காட்டிக் கொடுக்கறதுக்குன்னே வச்சது. ஜெரமையா சப் 1818ல கொண்டு வந்த ஏற்பாடு இது. பின்னாடி வந்ததுல சரியான சாவியப் போட்டு பூட்டுற திசைல ஒரு சுத்து சுத்தினா கொக்கி விட்டுடும், அதுக்கப்புறம் திறக்கும். உங்க பூட்டுல ஒரு லீவர் மட்டும் வாலு நீண்டு வேற உருவத்துல இருந்தா இதுவான்னு யோசிங்க, அதைத் தேவையில்லாத நீட்டல்னு வெட்டி விட்டுடாதீங்க. புது லீவரோட வால் கொஞ்சம் நீளமா போயிட்டா சரியான சாவியே கொக்கிய மாட்டி விடும், அப்ப வால் நுனிய மட்டும் துளி ராவணும்.

மேசை மேல நல்லா ஓடுது, கதவுல மாட்டினா சிக்குது

உங்க பாகத்து மேல தப்பில்ல. கதவைத் திறந்து வச்சுட்டே சாவியச் சுத்துங்க. திறந்திருக்கும்போது நல்லா ஓடினா சட்டத்துல இருக்கிற ஓட்டைத் தகட்டுல போல்ட் முட்டுது, கதவு இறங்கியிருக்கும். திறந்திருந்தாலும் சிக்கினா ஸ்க்ரூ இறுக்க இறுக்க பூட்டு உடம்பு முறுக்கிக்குது, மரத்துல குடைஞ்ச குழி சமமா இல்ல, ஸ்க்ரூவ ஒண்ணொண்ணா தளத்திப் பாத்தா எதுன்னு தெரிஞ்சிடும்.

எல்லாம் நல்லா இருக்கு, ரொம்பவே நல்லா இருக்கு

இதையும் ஒரு அறிகுறின்னுதான் எழுதறேன். ரொம்ப லேசா சுத்துதுன்னா வெட்டு அகலமாயிருக்கலாம், எந்த சாவிக்கும் திறக்கலாம். மலிவான மொட்டை சாவி (பல்லு வெட்டாதது) ஒண்ணு எடுத்து சரியான சாவி மாதிரியே வெட்டி, ஒரே ஒரு பல்லை மட்டும் அரை மிமீ குட்டையாக்கிப் போடுங்க. திறக்கக் கூடாது. திறந்தா அந்தப் பல்லுக்கு நேரா இருக்கிற லீவர் சும்மா ஒக்காந்திருக்கு. அடுத்த பல்லுக்கு இன்னொரு மொட்டை சாவி, இப்படி ஒவ்வொரு லீவருக்கும். நெட்டையாவும் ஒண்ணு வெட்டிப் பாருங்க, அதுக்கும் திறக்கக் கூடாது. வெட்டுக்கும் முளைக்கும் மொத்தமா 0.2லேர்ந்து 0.3 மிமீ வரைக்கும் இடைவெளி வச்சுக்கறது என் கணக்கு, அதுக்குக் கீழ போனா தூசி விழுந்தாலே நிக்குது.

3டி பிரிண்ட்ல லீவர் அடிச்சுப் போடலாமான்னா, அளவு பாக்கறதுக்கு தாராளமா அடிங்க, நானே இப்பல்லாம் மொதல்ல பிஎல்ஏல (3டி பிரிண்டர்ல போடுற ஒரு பிளாஸ்டிக்) அடிச்சு சாவியோட சேத்து ஓட்டிப் பாத்துட்டுத்தான் பித்தளைய வெட்டறேன், நாலு தகடு மிச்சம். ஆனா அதையே பூட்டுல விட்டுடாதீங்க, பிஎல்ஏ 60 டிகிரி பக்கத்துலயே இளகும், வெயில் அடிக்கிற இரும்புக் கதவுல அது பெரிய சூடு இல்ல. சூடு இல்லன்னாலும் ஸ்பிரிங் அமுக்கிட்டே இருக்க இருக்க பிளாஸ்டிக் மெதுவா வளைஞ்சு கொடுத்துடும். பித்தளை லீவர், இரும்பு முளை, இந்த ஜோடிதான் நல்லா ஓடுது, ஒரே உலோகம் ரெண்டும்னா உரசி உரசி ஒண்ணையொண்ணு கவ்வும். பழைய ஹாக்சா பிளேடை லீவராக்கலாம்னு ஆசை வரும், சாதா கார்பன் பிளேடு 0.6 மிமீ சொச்சம் இருக்கும், செக்கச்செவேல்னு காய்ச்சி ரொம்ப மெதுவா ஆற விட்டாத்தான் அரம் பிடிக்கும், பைமெட்டல் (ரெண்டு உலோகம் ஒட்டின) பிளேடுன்னா விட்டுடுங்க.

தொலைஞ்ச சாவி போன மாசம் கட்டில் இடுக்குல கெடைச்சுது. இப்ப அது அந்தப் பூட்டைத் திறக்காது, தேயாத சாவிக்கு லீவர் ரெண்டையும் மறுபடி செஞ்சு போட்டாச்சு. அந்தத் தேய்ஞ்ச சாவி மார்க்கர் பேனா பக்கத்துல ஆணில தொங்குது, அடுத்த பூட்டு கழட்டும்போது தேய்ஞ்ச பல்லு எப்படி இருக்கும்னு ஒப்பிட்டுப் பாக்க வேணும்.